மூணு சென்ட் வேட்பாளர்

பழங்காநத்தம் ரவுண்டானாவுக்குப் பக்கத்துச் சந்தில் இருபது வருடமாகப் பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கிறவர் சிஹாபுதீன். கண்ணீர் அஞ்சலி, காணவில்லை, மணமகள் தேவை, பெயர் மாற்றம் என்று மதுரைக்காரன் வாழ்வு சாவு அத்தனையும் அவர் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். ஊரையே ஏய்த்தவர் செத்தாலும் 'ஏழைகளின் விளக்கு' என்று எழுதிக் கொடுப்பார். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. வீட்டாருக்கு மறுக்க மனம் வராது. ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவரின் போலீஸ் கேஸ்களை வரிசைப்படுத்தி விளம்பரம் போடும் வேலை அந்தப் பங்குனி மாதத்தில்தான் முதல்முதலாக அவரைத் தேடி வந்தது.

கொண்டு வந்தவன் சுடலை. ராஜபாண்டியின் வலது கை. ராஜபாண்டி யார் என்று தெற்கு மதுரையில் எவனாவது கேட்டால், கேட்டவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். சவுடு மண் அள்ளியதில் ஆரம்பித்து, வட்டிக்கு விட்டு, வில்லாபுரத்தில் கல்யாண மண்டபம் கட்டி, அதற்கு மேல் கட்ட வேறொன்றும் இல்லாததால் கட்சியில் சேர்ந்தவர். இந்தத் தடவை சட்டசபைக்கு நிற்கிறார்.

கேஸ் உள்ள வேட்பாளர் அந்தக் கேஸ்களைத் தேர்தலுக்கு முன்னால் மூன்று தடவை பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இதை ஏற்படுத்திய பெரிய மனிதர்கள், பட்டியலைப் படித்ததும் ஜனம் மிரண்டு வேறு ஆளைப் பார்க்கும் என்று நினைத்திருக்க வேண்டும். அவர்கள் மதுரைப் பக்கம் பெண் எடுத்தவர்களாக இருக்க முடியாது. அதோடு விடவில்லை. கேஸ் இல்லாத ஓர் ஆளை ஏன் நிறுத்த முடியவில்லை என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டுமாம். சுடலை முதலில் நீட்டியது அந்தத் தாளைத்தான். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

செயிக்கிற ஆள் என்று எழுதிவிடுங்கள் என்றான் சுடலை. அதை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது என்று சிஹாபுதீன் எடுத்துச் சொன்னார். சுடலைக்கு இது அநியாயமாகப் பட்டது.

"அது ஒண்ணுதானே பாய் காரணம். கேஸ் இல்லாத ஆளும் நம்ம கட்சியில ஒருத்தரு இருக்காரு. அவர அவரு தெருவுலயே யாருக்கும் தெரியாது."

சிஹாபுதீன் கண்ணீர் அஞ்சலி எழுதிப் பழகிய பேனாவை எடுத்தார். 'இருபது ஆண்டுகளாக இப்பகுதி மக்களின் இன்ப துன்பங்களில் நேரடியாகத் தலையிட்டு வருபவர்' என்று எழுதினார். சுடலை இரண்டு தடவை வாசித்துவிட்டு, அண்ணனைப் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி இருக்கிறது என்று நெகிழ்ந்துபோனான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதில் சிஹாபுதீனுக்கும் திருப்தி.

அதற்குப் பிறகுதான் கேஸ் பட்டியல் கைக்கு வந்தது. மொத்தம் ஒன்பது. முதலாவது கொலை முயற்சி. குத்தியதாகச் சொல்லப்படுகிறவரும் குத்துப்பட்டவரும் இப்போது ஒரே மேடையில் சால்வை மாற்றிக்கொள்வதால் அது ஒருமாதிரி குடும்ப விஷயமாகிவிட்டது. இரண்டு கலவரம், ஒரு மறியல், கண்மாயில் மண் அள்ளியது. ஆறாவது வரியில் சிஹாபுதீனின் விரல் நின்றது. வில்லாபுரத்தில் மூன்று சென்ட் காலி மனையில் அத்துமீறி நுழைந்து கட்டடம் எழுப்பியது, விசாரணை நிலுவையில். சர்வே நம்பர் இருந்தது; புகார் கொடுத்தவர் பெயர் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை. அந்தச் சர்வே நம்பர் சிஹாபுதீனுக்குத் தன் பிறந்த தேதியைவிட நன்றாகத் தெரியும்.

மனைவி ஜெயினம்புவின் நகைகளை விற்று, மகள் சமீனாவுக்கு என்று வாங்கிப் போட்ட மனை அது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் போய்ப் பார்த்தால், பக்கத்து மண்டபத்தின் சுவர் நகர்ந்து வந்து மனையை விழுங்கியிருந்தது. உள்ளே வரிசையாக இருபத்திரண்டு தண்ணீர்க் குழாய்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்த ஜனம் அங்கேதான் கை கழுவியது. புகார் கொடுத்தார். இரண்டு மாதம் அலையவிட்டு, கேஸை மூடியாச்சு, வீட்டைப் பார்த்துப் போங்கள் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். அவரும் நம்பினார். பத்திரம் பீரோவிலும் மனை மண்டபத்திலுமாக எட்டு வருடம் ஓடிவிட்டது. செத்துவிட்டது என்று சொல்லப்பட்ட கேஸ் இதோ உயிரோடு அவர் மேசையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. பாய்தான் அந்தப் புகார்தாரர் என்பது சுடலைக்குத் தெரியாது. ஒன்பது கேஸில் எதிராளி முகத்தை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் தொழில் பண்ண முடியாது.

சிஹாபுதீனின் அத்தா திருமங்கலம் சந்தையில் ஆட்டு வியாபாரி. அந்த ரத்தம் சும்மா இருக்குமா. அவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல், விளம்பரம் சின்னதாகவா, நல்ல மாதிரியாகவா என்று கேட்டார். சின்னது என்றால் ஒன்பதாம் பக்கம். டெண்டர் அறிவிப்புக்கும் தொலைந்துபோன மார்க் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு மூலை. எதிர்க்கட்சி வேட்பாளரின் ஏழு கேஸ்களும் அங்கேதான் படுத்திருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். நல்ல மாதிரி என்றால் மூன்றாம் பக்கத்தில் அரைப் பக்கம், கலர், போட்டோவோடு.

சுடலை சிரித்தேவிட்டான். "அண்ணனைச் சின்னதாப் போட்டுட்டு நான் ஊருக்குள்ள நடமாடவா?"

பிறந்தநாள் விளம்பரம் போலவே வேண்டும் என்று அவன் உட்கார்ந்து சொல்லச் சொல்ல சிஹாபுதீன் வடிவமைத்தார். கும்பிட்ட கோலத்தில் ராஜபாண்டி, சுற்றிலும் பூ பார்டர், ஒவ்வொரு கேஸுக்கும் சிவப்பு வட்டத்துக்குள் நம்பர். சிஹாபுதீன் ஓர் எழுத்துக் கூட்டவில்லை, ஓர் எழுத்துக் குறைக்கவில்லை. கொலை முயற்சிக்கு என்ன அளவோ அதே அளவு எழுத்துத்தான் மூன்று சென்டுக்கும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஜெயினம்பு தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பெரிய இடம், வம்பு வேண்டாம், தேர்தல் முடியட்டும், பிறகு போய் நயமாகக் கேட்கலாம் என்பது அவள் கட்சி.

"முடிஞ்சா அவரு எம்.எல்.ஏ. ஜெயினம்பு. அப்புறம் அவரப் பாக்கவே நாம டோக்கன் வாங்கணும். அவரு நம்மளக் கும்புடுறது இந்தப் பதினஞ்சு நாளுதான். இதுக்குள்ள இடம் வந்தா வந்தது. இல்லையா, நகையோட சேத்து அதையும் மறந்துர வேண்டியதுதான்."

விளம்பரம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரைப் பக்கம், கலர் போட்டோ, பெரிய எழுத்து. யாரும் படிக்கக் கூடாது என்பதற்காகவே எல்லோரும் போடுகிற அறிவிப்பை, ஊரே படிக்கும்படி போட்ட ஒரே வேட்பாளர் ராஜபாண்டிதான். டீக்கடையில் சத்தமாக வாசித்தார்கள். கொலை முயற்சிக்கு ஒரு 'ஓ' கொட்டினார்கள். கலவரத்துக்குத் தலையாட்டினார்கள். ஆறாவது வரியில் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. அதே வாரம் அவருடைய சொத்துக் கணக்கும் வெளியாகியிருந்தது: நாற்பத்திரண்டு கோடி. நாற்பத்திரண்டு கோடிக்காரர் மூன்று சென்டுக்குப் போய்ச் சுவர் ஏறிக் குதித்திருக்கிறாரே என்று ஆள் ஆளுக்கு விசாரித்தார்கள்.

கத்தி எடுத்தவனுக்கு மதுரையில் ஒரு மரியாதை உண்டு. கோடியில் அடித்தவனுக்கு அதைவிட. சில்லறை எடுத்து மாட்டியவனுக்குத்தான் ஒன்றும் கிடையாது. ராஜபாண்டி ஓட்டுக் கேட்டு வந்தபோது ஒரு பெண்மணி ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, எங்கள் வீட்டு வாசல்படி ஒன்றரை அடி இருக்கிறது தம்பி, அதையும் அளந்துகொள்கிறீர்களா என்று கேட்டாள். கூட வந்த கட்சிக்காரர்களே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எதிர்க்கட்சி மைக்கில் 'மூணு சென்ட் வேட்பாளர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயந்த ஜனம் ஓட்டுப் போடும். சிரித்த ஜனம் போடாது. இந்தக் கணக்கு ராஜபாண்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதன்கிழமை மத்தியானம் சந்துக்குள் வழியை அடைத்துக்கொண்டு இரண்டு கார்கள் நின்றன. ராஜபாண்டி இறங்கி வந்து கடையின் ஒற்றைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கூடவே ஃபைலோடு வக்கீல் தமிழ்வாணி. முப்பது வயதுப் பெண்; சட்டத்தைத் தவிர வேறெதற்கும் பயப்படாதவள் என்று கோர்ட்டில் பெயர். புகார்தாரர் யாரென்று பழைய கேஸ் கட்டைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவள்தான். சுடலை வாசலில் நின்றான். தலை நிமிரவில்லை.

சிஹாபுதீன் டீ வரவழைத்தார். ராஜபாண்டி அவரைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் 'வாங்கண்ணே'தான். மதுரையில் அண்ணே என்பது வயதைப் பார்த்து வருகிற சொல் இல்லை. டீ குடித்து முடித்தும் சிஹாபுதீன் வாயைத் திறக்கவில்லை. முதலில் விலை சொல்கிறவனுடைய ஆடு இளைத்த ஆடு என்பது சந்தை நியதி. கடைசியில் ராஜபாண்டிதான் ஆரம்பித்தார்.

"ஒம்போது கேஸு பாய். கத்திக்குத்து இருக்கு, கலவரம் இருக்கு. அதையெல்லாம் ஒரு பயலும் பேசல. இந்த மூணு சென்டையே பேசுறாய்ங்க."

"கத்திக்குத்து எல்லார் வீட்லயும் நடக்காதுல்லண்ணே. இடம் எல்லார்கிட்டயும் இருக்கு."

அடுத்த விளம்பரத்தில் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்றார் ராஜபாண்டி. தமிழ்வாணி குறுக்கிட்டு, வேட்புமனுவோடு சத்தியம் பண்ணிக் கொடுத்த பத்திரத்தில் இருப்பதை விளம்பரத்தில் விட்டால் அது தனிக் கேஸாகும் என்றாள். அப்படியானால் விளம்பரத்தையே மூலையில் சின்னதாகப் போடுவோம் என்று வாசலில் இருந்து சுடலை யோசனை சொன்னான். மூணு சென்ட் ஓடி ஒளிந்துகொண்டது என்று அதையும் மைக்கில் பேசுவார்கள் என்றார் சிஹாபுதீன், உண்மையான அக்கறையோடு.

பேரம் தொடங்கியது. ராஜபாண்டி முதலில் பணம் என்றார். சிஹாபுதீன் தலையசைக்கவில்லை. அலங்காநல்லூர் ரோட்டில் ஐந்து சென்ட் தருகிறேன் என்றார். எனக்கு அந்தப் பக்கம் என்ன வேலை என்றார் சிஹாபுதீன். சரி, குழாய் இருக்கிற ஒரு சென்டை மண்டபத்துக்கு விட்டுவிட்டு இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தார் ராஜபாண்டி. கை கழுவ இடமில்லாத மண்டபத்துக்கு எவன் கல்யாணம் பேச வருவான் என்று நியாயமும் கேட்டார்.

"ஆட்டுல ஒரு கால மட்டும் எப்படிண்ணே விட்டுட்டு வாரது?"

ராஜபாண்டி குரலைத் தணித்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "மக காலேஜுக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போகுதாமே பாய். பாத்துப் போகச் சொல்லுங்க."

சிஹாபுதீன் மேசை மேல் இருந்த அடுத்த விளம்பரத்தின் புரூஃபை எடுத்துப் பிரித்தார். ஒன்பதாவது வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

"சொல்றேண்ணே. நாளான்னைக்கு ரெண்டாவது விளம்பரம் அச்சுக்குப் போகுது. பத்தாவதுக்கு இங்கன இடம் விட்டு வைக்கவா?"

தமிழ்வாணி ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்தாள். ராஜபாண்டி சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதா கெட்டதா என்று சிஹாபுதீனுக்குப் பிடிபடவில்லை. இம்புட்டு வாய் இருக்கிற ஆள் ஏன் செத்தவனுக்குக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறீர் என்று கேட்டுவிட்டு, ராஜபாண்டி வக்கீலைப் பார்த்தார்.

வழி இருந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஹைகோர்ட் கிளையில் சமரச மனு கொடுக்கலாம். மூன்றாவது விளம்பரத்தில் அந்த வரிக்கு நேரே 'இடம் ஒப்படைக்கப்பட்டது, சமரச மனு தாக்கலானது' என்று போட்டுக்கொள்ளலாம். முதலில் குழாய், பிறகு கையெழுத்து என்றார் சிஹாபுதீன். ராஜபாண்டி ஒப்புக்கொண்டார். ஆனால் அவரும் வியாபாரிதான்.

"குடுக்குறது குடுக்குறேன். நாலு பேரு பாக்கக் குடுக்குறேன். மேடைக்கு வந்து ரெண்டு கையாலயும் வாங்கிக்கணும்."

குழாய்கள் இரண்டே நாளில் போயின. இழுத்து வந்த சுவரை இடித்து, பழைய இடத்திலேயே எழுப்பிக்கொண்டார்கள். எட்டு வருடம் கோர்ட்டும் ஸ்டேஷனும் செய்ய முடியாததை ஒரு குழாய்க்காரரும் ஒரு கொத்தனாரும் செய்து முடித்தார்கள். விழா மண்டபத்திலேயே நடந்தது. 'ஏழைச் சகோதரருக்கு மனை வழங்கும் விழா' என்று ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார்கள். தேர்தல் நேரத்தில் வாக்காளருக்கு எதையாவது வழங்கினால் குற்றம் என்று தமிழ்வாணி பதறினாள். ஒரு மனுஷனுடைய சொந்த இடத்தை அவனுக்கே கொடுப்பது இலவசத்தில் சேருமா என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் 'வழங்கும்' மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள்.

பத்திரத்தைக் கொடுப்பது போலப் போட்டோ வேண்டும் என்றார்கள். பத்திரம் சிஹாபுதீனின் பீரோவில்தானே இருக்கிறது. ஆகவே அவர் தன் பத்திரத்தைத் தன் செலவிலேயே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்ச் சுடலையிடம் கொடுத்தார். சுடலை ராஜபாண்டியிடம் கொடுத்தான். ராஜபாண்டி அதை சிஹாபுதீனிடம் கொடுத்தார். இவர் சால்வையைச் சுமந்தபடி இரண்டு கையாலும் வாங்கினார். கூட்டம் கைதட்டியது. ஜெயினம்புவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன மனசு பாத்தியா, இந்தக் காலத்தில் யார் மூணு சென்டைத் தூக்கிக் கொடுப்பா என்று அவளிடமே சொன்னாள். ஜெயினம்பு ஆமாம் என்றாள். வேறென்ன சொல்வாள்.

அதோடு காற்று திரும்பிவிட்டது. 'மூணு சென்ட்' என்ற பெயர் அப்படியே இருந்தது. எடுத்தவர் என்பது மட்டும் கொடுத்தவர் என்று மாறியிருந்தது. அண்ணனிடம் சொல்லி எங்களுக்கும் ஒரு மூணு சென்ட் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டு நாலைந்து பேர் கடைக்கே வந்துவிட்டார்கள். ஓட்டுப்பதிவு முடிந்தது. சிஹாபுதீன் யாருக்குக் குத்தினார் என்பதை ஜெயினம்புவிடம்கூடச் சொல்லவில்லை.

எண்ணிக்கைக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. நல்லபடியாக முடிந்தது, மழைக்காலம் கழித்து நிதானமாகச் சுவர் கட்டலாம் என்று சிஹாபுதீன் சாய்ந்து உட்கார்ந்தார். ஜெயினம்பு விடவில்லை.

"ஆட்ட வாங்கி சந்தையிலயே கட்டிப் போட்டுட்டு வாரவரு நீங்க ஒருத்தருதான். எண்ணுறதுக்கு முன்னாடி சுவரு நிக்கணும்."

காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கொத்தனார் இம்மானுவேல் நூல் பிடித்தார். மண்டபத்துப் பக்கம் மட்டும் எல்லைக்கல்லிலிருந்து அரை அடி உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னாள் ஜெயினம்பு. சொந்த இடத்தை எவனாவது விட்டுக் கட்டுவானா என்று கொத்தனார் வாதாடிப் பார்த்தார். சிஹாபுதீனும் முறைத்தார். அவள் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எம்.எல்.ஏ. ஆகப்போகிறார், அதற்கு ஒரு அரை அடியாவது செலவாகாதா என்றாள்.

எண்ணிக்கை நாளன்று மூன்று பக்கச் சுவர் காய்ந்துவிட்டது. மண்டபத்துப் பக்கத்தில் கடைசி வரிக் கல் ஓடிக்கொண்டிருந்தது. இம்மானுவேல் செல்போனில் சுற்று நிலவரத்தைக் கேட்டுக்கொண்டே கல் வைத்தார். பதினோராவது சுற்றில் ராஜபாண்டி நாலாயிரம் முன்னிலை. பதினெட்டாவது சுற்று முடிந்தபோது சுவரும் முடிந்தது, தேர்தலும் முடிந்தது.

சாயங்காலம் மேளமும் வெடியுமாக ஊர்வலம் மண்டபத்துக்கு வந்தது. மாலைக்குள் இருந்த ராஜபாண்டி ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஒன்பது கேஸும் ஒரு சமரச மனுவும் உள்ள சட்டமன்ற உறுப்பினர், புதுச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம்.

"அவசரமாக் கட்டிட்டீங்க போல. சுவரு நம்ம பக்கம் கொஞ்சம் வந்திருக்குமோன்னு இருக்கு பாய். சர்வேயரை வரச்சொல்லி அளந்துருவமா?"

சிஹாபுதீன் கையில் இனி அச்சுக்குப் போக வேண்டிய விளம்பரம் எதுவும் இல்லை. ஜெயினம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"அளங்கண்ணே. ஒங்க பக்கம் அரை அடி விட்டுத்தான் கட்டியிருக்கு. கல்லு அங்கன இருக்கு பாருங்க."

ராஜபாண்டி குனிந்து பார்த்தார். இரண்டு சுவருக்கும் நடுவில், கல்லுக்கு இந்தப் பக்கம், வெறுமையாகக் கிடந்தது அரை அடி. கேட்க நினைத்ததை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டவர்களிடம் என்ன கேட்பது. அவர் செருப்புக் காலை அதற்குள் வைத்துப் பார்த்தார். அளவாக இருந்தது. நல்லாயிருங்கம்மா என்று கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். நாளைக்கு நன்றி அறிவிப்பு முழுப் பக்கம், பாயே எழுதட்டும் என்று போகிற போக்கில் சுடலையிடம் சொன்னதும் கேட்டது.

ஊர்வலம் நகர்ந்தது. சுடலை மட்டும் பின்தங்கி, ஒரு கட்சிக் கொடிக்கம்பத்தைக் கொண்டு வந்து அந்த அரை அடியில் ஊன்றினான். சிஹாபுதீனைப் பார்த்து, தப்பா நினைக்காதீங்க பாய், சும்மா ஒரு அடையாளத்துக்குத்தான் என்றான். ஓடிப்போய் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டான்.

கொடி இரண்டு சுவருக்கும் மேலே படபடத்தது. அதன் ஒரு முனை காற்றில் இந்தப் பக்கம் வந்து மனைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஜெயினம்பு அதைப் பார்த்தாள். பிறகு, கரண்டியைக் கழுவப் போன கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

"மிச்சக் கல்லு எம்புட்டு இருக்குண்ணே? மேல ஒரு ரெண்டு வரி ஏத்திருங்க."